பால்மரம் சாய்ந்தபோது

1917-இல் ஃபிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொனியே, நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். நாட்டில் அதுவே முதல் முயற்சி. ஆனாலும் 1960-களில் ரப்பர் விலை சரிந்த பிறகே பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின.

நிர்வாகங்கள் திட்டமிட்டே மாறின. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் அழிக்காமல், பகுதி பகுதியாகப் பால்மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்தன. பால்மரத்துக்கு ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். செம்பனை மூன்றாண்டில் குலை தள்ளும். ஆளும் குறைவாகவே வேண்டும். இடித்தது அங்கேதான். மரத்துக்குத் திட்டம் இருந்தது. லயத்து மக்களுக்கு இல்லை. குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்தன. சம்பள நாளை நம்பிப் பற்று எழுதிய நம்மவர் மளிகைக் கடைகளும் ஆட்டம் கண்டன.

முந்திக்கொண்டவர்களும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு தவணைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது.

பொன்விழாக் காணும் நாம் கற்கும் பாடம் இதுதான்: மாற்றத்தை முதலில் சொல்ல வேண்டியது, அதனால் பிழைப்பை இழக்கப்போகிறவரிடம். நம் சங்கத்தின் அடுத்த ஐம்பதாண்டுத் திட்டத்தில் முதல் வரி அவருக்கே இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.