பத்திரிகையின் கடைசி வரி: தமிழ்நாட்டுச் சிற்றச்சகங்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொண்ட விதம்

தமிழ் அச்சு வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் புத்தகத்தின் பின்னால் போனவர்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1713 முதல் தமிழ் எழுத்தில் அச்சிட்ட தரங்கம்பாடி மிஷன் அச்சகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏட்டுச்சுவடிப் பதிப்புகள் என்று அந்தப் பாதை நன்றாகவே மிதிபட்டிருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ குஜிலிக் கடைகளின் மலிவுப் பதிப்புகளையும் அந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அவையும் நூல்கள்தாம். ஊருக்கு ஊர் இருந்த சின்ன அச்சகம் நூலை நம்பிப் பிழைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், துண்டு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பள்ளிக்கூட வினாத்தாள் ஆகியவைதாம் அதற்குச் சோறு போட்டன. தொழிலில் இதற்கு ‘ஜாப் ஒர்க்’ என்று பெயர். நூலகங்கள் பெரும்பாலும் இவற்றைச் சேர்த்துவைக்கவில்லை.

இந்தத் தாள்களில் பலவற்றுக்குப் பொதுவான உறுப்பு ஒன்று உண்டு: அடியில், மிகச் சிறிய எழுத்தில், அச்சகத்தின் பெயரும் ஊரும். பிற்காலத்தில் தொலைபேசி எண்ணும் சேர்ந்துகொண்டது. சிற்றச்சகம் வாடிக்கையாளரை எப்படிப் பிடித்தது, டிஜிட்டல் அச்சு வந்தபின் அந்த வழி ஏன் அடைபட்டது என்ற கேள்விகளுக்கு இந்தக் கடைசி வரியைப் பின்தொடர்ந்தாலே பெருமளவு விடை கிடைக்கிறது என்பது என் வாதம்.

இந்த வரி வணிகத்தில் பிறந்ததல்ல, சந்தேகத்தில் பிறந்தது. பிரெஞ்சுக்காரர் மீதான அச்சம் உச்சத்தில் இருந்த 1799இல், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கொண்டுவந்த ஒழுங்குமுறை, செய்தித்தாளின் அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1823இல் உரிமமுறை வந்தது. 1835இல் மெட்காஃப் அதை நீக்கினார். அதன்பின் இந்தியர் அச்சகம் வைப்பது எளிதாயிற்று. கண்காணிப்பு மட்டும் போகவில்லை. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் (அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம்) அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் நீதிபதி முன் உறுதிமொழி தர வேண்டும் என்றும், அச்சாகும் நூலோ தாளோ எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் விதித்தது. மீறினால் அபராதம், சிறை. அரசுக்கு எதிரான துண்டறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் போலீஸ் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கான ஏற்பாடு அது.

அச்சகக்காரர்கள் இந்தக் கட்டாயத்தைச் சாமர்த்தியமாகத் திருப்பிப்போட்டார்கள். போலீசுக்காக எழுதிய முகவரியை அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருப்பவரும் படிப்பார் அல்லவா?

காலால் மிதித்து ஓட்டிய டிரெடில் அச்சு இயந்திரக் காலத்துக் கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும். அச்சுக்கோப்பவர் அறைப்பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்க வேண்டும்; அவற்றைச் சட்டத்தில் முடுக்கி, படி எடுத்துத் திருத்தி, இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். வேலை முடிந்தபின் எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போடுவதும் கூலிதான். நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் இந்த உழைப்பு ஒன்றே. ஆகவே குறைவாக அச்சடிப்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. சிறிய குடும்பமும் ஐந்நூறு பத்திரிகை அடித்தது, உறவுமுறை பெரிதென்றால் ஆயிரம். அந்த ஆயிரமும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து, வீடு வீடாகக் கையில் கொடுக்கப்பட்டன. அச்சகத்தின் பெயர் ஆயிரம் வீட்டுக்கு, பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே வட்டாரத்துக்குள், வாடிக்கையாளர் செலவிலேயே போய்ச் சேர்ந்தது. கல்யாணம் முடியும்வரை அந்தத் தாளை யாரும் எறிவதில்லை. முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் சரிபார்க்கத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். இதைவிடக் குறிவைத்த விளம்பரத்தை இன்றைய நிறுவனங்கள்கூடச் சுலபத்தில் செய்துவிட முடியாது.

பெயர் மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். பத்திரிகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும், தாய்மாமன் எந்த வரிசையில், இறந்துபோன தாத்தாவின் பெயரை எப்படிக் குறிப்பது என்பதெல்லாம் சண்டை மூளக்கூடிய இடங்கள். வீட்டில் இன்னும் மணமாகாத இளையவர் இருந்தால் ‘திருவளர்செல்வன்’, கடைக்குட்டியானால் ‘திருநிறைச்செல்வன்’ என்ற வழக்கை அறியாத வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லித் தந்தவர் அச்சகக்காரர்தான். பழைய பத்திரிகைகளைக் கோத்துவைத்த மாதிரிக் கட்டு அவருடைய மேசையில் இருக்கும். ஓர் இனிஷியல் பிசகினால் ஊரே பேசும் என்பதால், படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடாமல் அச்சேற்ற மாட்டார். அச்சுக்கூலியோடு இந்த அறிவுக்கும் சேர்த்துத்தான் மக்கள் அவரிடம் போனார்கள்.

வேலை ஆண்டு முழுக்கச் சீராக இருந்ததில்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் இரவும் இயந்திரம் ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமில்லை. ஆடியின் பள்ளத்தை ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீசும் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா நோட்டீசும் ஓரளவு நிரப்பின. மார்கழியை நாட்காட்டிகள் காப்பாற்றின. இங்கேதான் சிவகாசி உள்ளே வருகிறது. 1920களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அந்த ஊர், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டி வண்ண அச்சுக்குள் இறங்கி, நாட்காட்டிக்கும் கல்யாண அட்டைக்கும் தாயகமானது. முகப்பில் பிள்ளையாரும் தங்க மையும் சிவகாசியில் அச்சாகிவரும்; உள்ளே மணமக்கள் பெயரை உள்ளூர் அச்சகம் அடிக்கும். சென்னை ஆண்டர்சன் தெருவின் அட்டைக் கடைகள் இந்தப் பங்கீட்டில்தான் வளர்ந்தன. ஓர் அட்டை, இரண்டு அச்சகங்கள். கடைசி வரியில் நின்றதோ உள்ளூர்க்காரரின் பெயர்.

அச்சுக்கோப்பவரின் அறைப்பெட்டியை முதலில் சுருக்கியது கணினி அல்ல. பெரியார் 1935இல் குடி அரசில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றபோது, ணை, லை, றா போன்றவற்றுக்கென்றிருந்த தனி அச்சுகள் தேவையற்றுப்போயின. இந்த ஆணையின் தொழில்முறைப் பக்கத்தை நாம் போதிய அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். கணினி வந்தபோது அந்த முழு அறைப்பெட்டியும் மூலைக்குப் போனது. 1985இல் அமெரிக்காவில் லேசர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கர் மென்பொருளும் சேர்ந்து தொடங்கிவைத்த மாற்றம், தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு 1990களில் ‘டிடிபி சென்டர்’ என்ற பலகையாக வந்துசேர்ந்தது. ஒரே அறையில் எஸ்டிடி, ஜெராக்ஸ், லேமினேஷன், டிடிபி. கணினியில் கோத்ததை டிரேசிங் தாளில் எடுத்து, அதிலிருந்து தகடு செய்து மினி ஆஃப்செட்டில் ஓட்டினார்கள். அந்த இயந்திரங்களைக் கோயம்புத்தூரிலேயே செய்தார்கள் என்பது இத்தொழில் பரவியதற்கு முக்கியக் காரணம். பக்கத்திலேயே ஸ்கிரீன் பிரிண்டிங், சிறு முதலீட்டில் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது.

எழுத்துருக் குழப்பம் ஒரு தனி அத்தியாயம். நிறுவனத்துக்கு ஒரு குறியேற்றம் இருந்ததால், ஒரு கடையில் அடித்தது இன்னொரு கடையில் குப்பையாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடும் அதையொட்டி வந்த டாம், டாப் குறியேற்றத் தரங்களும், 2010இல் அரசு யூனிகோடை ஏற்றதும் இதைத் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் கடைகளில் பழைய எழுத்துருக்களும், 2001இல் கடைசிப் பதிப்பு கண்ட பேஜ்மேக்கரும் நெடுநாள் நீடித்தன. சோம்பலால் அல்ல: பழைய வேலைகள் எல்லாம் அந்த வடிவில் இருந்தன; மாறினால் அவை அத்தனையும் போகும். இதற்குத் திரும்ப வருவேன்.

இதுவரை வந்த மாற்றங்கள் எழுத்தைக் கோக்கும் முறையை மாற்றின. எண்ணிக்கையின் கணக்கு அப்படியே இருந்தது. ஆஃப்செட்டிலும் நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடு, வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை வீணாகும் தாள் என்று தொடக்கச் செலவு பெரிது. 1993இல் பென்னி லாண்டாவின் இண்டிகோ நிறுவனமும் பெல்ஜியத்தின் ஸீகான் நிறுவனமும் தகடே இல்லாத வண்ண அச்சை வணிகத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் அந்தக் கணக்கு உடைந்தது. பின்னர் ஜெராக்ஸ், கோனிகா மினோல்டா, கேனான் இயந்திரங்கள் வழியே இது நம் மாவட்டத் தலைநகரங்களை எட்டியது. முதல் தாளுக்கும் ஆயிரமாவது தாளுக்கும் இதில் செலவு ஏறத்தாழ ஒன்றுதான்: தாள் விலை, அச்சுக்கு இவ்வளவு என்ற க்ளிக் கட்டணம், மின்சாரம். மூன்றரைக்கு இரண்டு அங்குல விசிட்டிங் கார்டு, பன்னிரண்டுக்குப் பதினெட்டுத் தாளில் வெட்டிடம் விட்டு இருபத்தைந்து அமையும். நூறு கார்டு என்றால் நான்கே தாள். ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே வெட்டிக் கொடுத்துவிடலாம்.

சிவகாசி இதற்குச் சளைக்கவில்லை. பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தகட்டில் அடுக்கி, எல்லோருக்கும் ஆயிரம் ஆயிரமாக அடித்து பார்சலில் அனுப்பியது. ஆயிரம் வேண்டும், பொறுக்கலாம் என்பவருக்கு அங்கே மலிவு. நூறு போதும், இன்றே வேண்டும் என்பவருக்கு டிஜிட்டல். உள்ளூர்க் கடை இரண்டுக்கும் வாசலானது. அவசர வேலையைத் தானே அடித்தது, மொத்த வேலைக்கு ஏஜெண்டாக நின்றது. அச்சுத்திறனுக்கு வாங்கிய கூலி இப்போது பெரும்பகுதி நேரத்துக்கான கூலியாக மாறிவிட்டது. இதை உணராமல் விலையைக் குறைத்தே போட்டியிட்ட கடைகள், இயந்திரத் தவணைக்கும் க்ளிக் கட்டணத்துக்கும் நடுவில் நசுங்கின.

கடைசி வரி இங்கேதான் தேய்ந்தது. ஐம்பது பத்திரிகை அடிக்க முடிந்தால், அச்சகத்தின் பெயர் ஐம்பது வீட்டுக்குத்தான் போகும். 2020இல் கொரோனாக் கட்டுப்பாடு கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு கட்டியபோது, டிஜிட்டல் கடைக்கு ஏற்ற அளவு அதுவாகவே இருந்தும், அந்த ஐம்பதும் அடுத்த வேலையைக் கொண்டுவருவதற்குப் போதவில்லை. மற்ற உறவினருக்குப் படமாகக் கைப்பேசியில் போன பத்திரிகைக்கு அச்சகமே தேவைப்படவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. டிஜிட்டல் கடையின் தினசரிச் சரக்கு விசிட்டிங் கார்டு, அடையாள அட்டை, ஸ்டிக்கர், கோப்பையில் புகைப்படம். இவை வாடிக்கையாளரின் சொந்த முகம். அங்கே அச்சகத்தின் பெயரை யாரும் அனுமதிப்பதில்லை. குறைந்த அளவில் அச்சிடும் திறன் வந்த அதே வேகத்தில், இலவச விளம்பரமும் கைவிட்டுப் போயிற்று.

ஃபிளெக்ஸ் பேனர் கொஞ்ச காலம் அதை மீட்டுத் தந்தது. சுவரிலும் தட்டியிலும் எழுதிய ஓவியர்கள் மூலையில் ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று போட்டுக்கொண்ட பழக்கத்தை, அவர்களுடைய வேலையைப் பறித்த ஃபிளெக்ஸ் கடைகள் அப்படியே எடுத்துக்கொண்டன. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சதுர அடிக் கணக்கு. மூலையில் கடைப்பெயரும் கைப்பேசி எண்ணும், சில சமயம் விழா நாயகர் பெயரளவுக்கே பெரிதாக. ஆனால் அந்த வரி தன் பழைய குணத்தை மறக்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். பேனர் வைத்தவரோடு நில்லாமல், அச்சிட்ட அச்சகத்துக்கும் மாநகராட்சி சீல் வைத்தது. 1867இன் நோக்கம் நூற்றைம்பது ஆண்டு கழித்து நிறைவேறியது, வேறொரு நியாயத்தோடு.

தேர்தல் சட்டம் இன்னும் கறாரானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961இல் சேர்த்த 127அ பிரிவின்படி, தேர்தல் நோட்டீசிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கையால் எழுதுவதைத் தவிரப் பிரதியெடுக்கும் எந்த முறையும் இதில் அச்சுதான். ஆக, தேர்தல் காலத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரும் அச்சகத்தார். எத்தனை பிரதி, என்ன கூலி என்பதையும் அவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், பருவ இதழ்களுக்கு மட்டுமான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகையின் அடியில் பெயர் போட இப்போது சட்டம் வற்புறுத்தவில்லை. போடுகிறவர்கள் விளம்பரத்துக்காகவே போடுகிறார்கள். அதிலும் சிக்கல். ஆர்டர் எடுப்பவர் ஒருவர், வடிவமைப்பவர் இன்னொருவர், அச்சு நகரத்தில் உள்ள பெரிய இயந்திரத்தில். அந்த இயந்திரக்காரர் பிற கடைகளுக்கு மட்டுமே அடிப்பவராக இருந்தால், தன் பெயரைப் போடாமலிருப்பதே அவருடைய வியாபார ஒழுக்கம்.

அப்படியானால் வாடிக்கையாளர் எதனால் திரும்பி வருகிறார்? கூகுள் மேப் மதிப்பீடும் வாட்ஸாப் ஸ்டேட்டஸும் புதிய ஆளைக் கொண்டுவரலாம். பழைய ஆளைப் பிடித்துவைப்பது கடைக் கணினியில் கிடக்கும் ஃபைல். பில் புத்தகம் தீர்ந்ததும், கார்டில் எண் மாறியதும், ‘போன தடவை அடிச்ச மாதிரியே’ என்று ஒரு வாட்ஸாப் செய்தி போதும். ஆகவேதான் பெரும்பாலான கடைகள் வாடிக்கையாளருக்கு ஜேபெக் படத்தைத் தரும். திருத்தக்கூடிய கோரல்டிரா ஃபைலைத் தராது, அல்லது தனிக் கட்டணம் கேட்கும். பேஜ்மேக்கரை விட மறுத்த அதே கணக்குதான் இது. வடிவமைப்புக்குத் தனியே காசு தர மறுக்கும் வாடிக்கையாளரும், ஃபைலைத் தர மறுக்கும் கடைக்காரரும் ஒவ்வொரு பில்லிலும் இதற்காக இழுபறி செய்துகொண்டிருக்கிறார்கள். முன்பு கூலிக்குள் சொல்லாமல் கிடந்த பத்திரிகை எழுதும் அறிவுக்கு இப்போது முதல்முறையாக ஒரு விலை கேட்கப்படுகிறது. வாடிக்கையாளர்கள் பலர் இன்னும் அதைத் தர ஒப்பவில்லை.