படத் தரவுப் பெருக்கமும் திராட்சை இலையும்

படத் தரவுப் பெருக்கம் என்பது, கையில் உள்ள ஒளிப்படங்களைத் திருப்பியும் சாய்த்தும் வெளிச்சத்தை மாற்றியும் மேலும் பல படங்களை உண்டாக்கி, அவற்றையும் சேர்த்துக் கணினி மாதிரியைப் பயிற்றுவிக்கும் முறை ஆகும். இயந்திரக் கற்றலில் இது பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. பயிர் நோய்களை இலைப் படங்களைக் கொண்டு அறியும் ஆய்வில், இம்முறையால் விரிவாக்கப்பட்ட ஒரு தரவுத்தொகுப்பு திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளிவந்தது. அதில் திராட்சை இலைகளும் உள்ளன. தேனி மாவட்டத்தில் வீரபாண்டியைக் கடந்து சின்னமனூர், கம்பம், கூடலூர் எனத் தெற்கே செல்பவர்களுக்குத் திராட்சைப் பந்தல்கள் பழகிய காட்சி. அந்தப் பந்தலின் கீழ் இத்தரவுத்தொகுப்பு எந்த அளவுக்குப் பயன்படும் என்ற கேள்வி, இம்முறையின் வரலாற்றையே விளங்க வைக்கிறது.

தொடக்கம்

1998இல் யான் லெகுன், லெயோன் போத்து, யோசுவா பெஞ்சியோ, பேட்ரிக் ஹாஃப்னர் ஆகியோர் கையெழுத்து எண்களைப் படிக்கும் நரம்பணு வலையமைப்பு ஒன்றைப் பற்றி எழுதினர். பயிற்சிக்கு 60,000 எண் படங்கள் இருந்தன. அவற்றைச் சற்றே நகர்த்தியும் சாய்த்தும் அமுக்கியும் 5,40,000 படங்களை உருவாக்கிச் சேர்த்தபோது, பிழை 0.95 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோர் உருவாக்கிய அலெக்ஸ்நெட், ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு பகுதிகளை வெட்டியெடுத்தும் இடவலமாகத் திருப்பியும் பயிற்சிப் படங்களை 2,048 மடங்காக்கிக்கொண்டது. அப்படிச் செய்யாவிட்டால் வலையமைப்பு பயிற்சிப் படங்களை மனப்பாடம் செய்துவிட்டுப் புதிய படத்தில் தடுமாறும் என்று அவர்களே குறிப்பிட்டனர்.

எந்த மாற்றத்தையும் எதற்கும் செய்துவிட முடியாது. மாற்றிய பிறகும் படத்தின் பெயர் மாறாமல் இருக்க வேண்டும். இடவலமாகத் திருப்பினாலும் இலை இலைதான். ஆனால் 'ட' என்ற எழுத்தைத் திருப்பினால் அது எந்த எழுத்தும் இல்லை. 6ஐத் தலைகீழாக்கினால் 9 ஆகிவிடும்.

திருச்சிராப்பள்ளித் தரவுத்தொகுப்பு

டேவிட் ஹியூஸ், மார்செல் சலாத்தே ஆகியோர் தொடங்கிய பிளான்ட்வில்லேஜ் திட்டம் 2015இல் 14 பயிர்களின் 54,000க்கும் மேற்பட்ட இலைப் படங்களைப் பொதுவில் வெளியிட்டது. இலையைச் செடியிலிருந்து பறித்து, ஒரே நிறத் தாளின்மேல் வைத்து எடுத்த படங்கள் அவை. 2016இல் சரத பிரசன்ன மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் அவற்றைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரி, அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. முதல் எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் மிகுதி. இரண்டாவது எண்ணைச் சொல்பவர்கள் குறைவு.

இத்தொகுப்பில் இன்னொரு குறையும் இருந்தது. சில வகைகளில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்க, நோயற்ற உருளைக்கிழங்கு இலைக்கு 152 படங்களே இருந்தன. 2019இல் கீதாரமணி, அருண் பாண்டியன் ஆகியோர் இதைச் சரிசெய்ய முயன்றனர். இலையே இல்லாத 1,143 பின்புலப் படங்களை ஒரு தனி வகையாகச் சேர்த்து வகைகளை 39 ஆக்கினர். படத்தைத் திருப்புதல், சுழற்றுதல், அளவு மாற்றுதல், காமா திருத்தத்தால் ஒளியளவை மாற்றுதல், இரைச்சல் சேர்த்தல், நிறக் கூறுகளை மாற்றுதல் ஆகிய ஆறு வழிகளால், ஆயிரத்துக்குக் குறைவாக இருந்த ஒவ்வொரு வகையையும் 1,000 படங்களாக உயர்த்தினர். மொத்தம் 61,486 படங்கள் ஆயின. இவற்றில் பெருக்கத்தால் வந்தவை ஏறத்தாழ 6,000 மட்டுமே. ஒன்பது அடுக்கு வலையமைப்பு ஒன்று இதில் 96.46 சதவீதத் துல்லியம் பெற்றது. எல்லாப் படத்தையும் கண்மூடிப் பெருக்காமல், குறைந்த இடத்தை மட்டும் நிரப்பியது இவ்வேலையின் சிறப்பு. தொகுப்பை அவர்கள் பொதுவில் வைத்ததால், இன்றைய மாணவரும் பதிவிறக்கிப் பயிற்சி செய்யலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில்

கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்குள்ள விவசாயிகளுக்குத் தொல்லை தருபவை சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும். மேற்கண்ட தொகுப்பில் உள்ள திராட்சை வகைகளோ கருப்பழுகல், எஸ்கா, ஐசரியாப்சிஸ் இலைக்கருகல், நோயற்ற இலை என நான்கு. சாம்பல் நோயும் இல்லை, அடிச்சாம்பலும் இல்லை. நோயற்ற திராட்சை இலைகள் 423லிருந்து 1,000 ஆக்கப்பட்டன. ஆனால் யாரும் படமெடுக்காத நோயை எந்தப் பெருக்கமும் உண்டாக்கித் தராது. இந்தத் தொகுப்பில் மட்டும் பயின்ற செயலியிடம் அடிச்சாம்பல் கண்ட இலையைக் காட்டினால், தனக்குத் தெரிந்த பெயர்களுள் ஒன்றைத்தான் அது சொல்லும். தெரியாது என்று சொல்ல அதற்குக் கற்றுத்தரப்படவில்லை.

நோயைக் கேட்டு மருந்து அடிப்பவருக்கு இது சிறு விஷயம் அல்ல. சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தும் கந்தகம் அடிச்சாம்பலுக்குப் பயன்படாது. இரண்டையும் பிரித்தறிய இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: அடிச்சாம்பலில் மேலே எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் திட்டும், அடியில் வெண்ணிறப் பூஞ்சை வளர்ச்சியும் இருக்கும். கணினியில் படத்தைத் திருப்புவது வேறு, கையால் இலையைத் திருப்புவது வேறு. பந்தலின் நிழலைக் காமா திருத்தத்தால் ஓரளவு போலச் செய்யலாம். போர்டோ கலவை தெளித்த இலையின் வெளிர்நீலப் படிவை அப்படிச் செய்ய இயலாது. தோட்டத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

வாழைக்கு அப்படி எடுத்தார்கள். பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் வாழையே கிடையாது. 2019இல் வெளிவந்த துமைனி செயலிக்காக மைக்கேல் கோமஸ் செல்வராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் வயல்களில் எடுத்த ஏறத்தாழ 18,000 படங்களைத் திரட்டினர். தமிழ்நாட்டின் இமயம் வேளாண் நிறுவனமும் இதில் பங்கு கொண்டது. இலையோடு நிற்காமல் தண்டு, குலை, பழம், முழு மரம் எனத் தனித்தனியே எடுத்தனர். வாடல் நோய் வந்த வாழையின் தண்டை வெட்டினால் உள்ளே பழுப்பேறியிருப்பது தெரியும். அந்த வெட்டுமுகத்தின் படம் வேண்டுமானால், யாரோ ஒருவர் அரிவாளோடு தோட்டத்தில் நின்றாக வேண்டும்.