சமூகப் பாதுகாப்புச் சிறுமானியங்கள் (இங்கிலாந்து, வேல்ஸ்)

ஒரு தெரு, குடியிருப்பு அல்லது சிற்றூர் அளவில் குற்றங்களையும் அவை குறித்த அச்சத்தையும் குறைக்க, ஊர்க்குழுக்கள், தொண்டு நிறுவனங்கள், இளைஞர் மன்றங்கள் போன்றவற்றுக்குப் பொது நிதியிலிருந்து வழங்கப்படும் சிறு தொகைகள் இவை. ஒரு குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு பவுண்டு முதல் சில ஆயிரம் பவுண்டு வரை இருக்கும். வீடுகளுக்கு உறுதியான பூட்டு, கொல்லைச் சந்துகளுக்கு இரும்புக் கதவு, இருண்ட நடைபாதைக்கு விளக்கு, மாலை நேரத்தில் இளைஞர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி, மோசடி அழைப்புகள் பற்றி முதியோருக்கு விளக்கக் கூட்டம் ஆகியவை இம்மானியம் பெறும் வழக்கமான பணிகள்.

தோற்றம்

குற்றத்தடுப்பு நெடுங்காலம் காவல்துறையின் தனிப் பொறுப்பாகவே கருதப்பட்டது. 1981 ஏப்ரலில் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வெடித்த கலவரம் இந்த எண்ணத்தை அசைத்தது. அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, அதே ஆண்டு நவம்பரில் வெளியான தம் அறிக்கையில், காவல்துறை உள்ளூர் மக்களோடு கலந்துபேசிச் செயல்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1982-இல் செஷயர் மாவட்டத்தின் மாலிங்டன் என்ற சிற்றூரில் நாட்டின் முதல் அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழு தொடங்கியது.

1984-இல் உள்துறை அமைச்சகம் பிற அரசுத் துறைகளுடன் சேர்ந்து வெளியிட்ட 8/84 எண் சுற்றறிக்கை, குற்றத்தடுப்பு சமூகம் முழுவதற்கும் உரிய பொறுப்பு என்று அறிவித்தது. ஆனால் அதற்கெனப் புதிய நிதி எதையும் அது ஒதுக்கவில்லை. 1986-இல் போல்டன், நார்த் டைன்சைடு, குராய்டன், ஸ்வான்சி, வெல்லிங்பரோ ஆகிய ஐந்து நகரங்களில் அமைச்சகம் முன்னோட்டத் திட்டம் ஒன்றை நடத்தியது.

இதே காலத்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் நடந்த பணி பெரிதும் பேசப்பட்டது. அங்கே காசு போட்டு எரிவாயுவும் மின்சாரமும் பெறும் மீட்டர்கள் வீடுகளில் இருந்தன. அவற்றில் சேரும் பணத்துக்காகவே திருடர்கள் வீடு புகுந்தனர். மீட்டர்களை மாற்றி, ஒருமுறை திருட்டுக்கு உள்ளான வீட்டைச் சுற்றியிருந்தவர்கள் கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்ததும், மூன்று ஆண்டுகளில் வீட்டுத் திருட்டு ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது. உள்ளூர் நிலவரத்தை அறிந்து செலவிட்டால் சிறு தொகையும் பயன் தரும் என்ற நம்பிக்கைக்கு இது சான்றாயிற்று.

பாதுகாப்பான நகரங்கள் திட்டம்

சிறுமானியம் ஒரு தேசிய முறையாக உருப்பெற்றது 1988-இல் தொடங்கிய பாதுகாப்பான நகரங்கள் திட்டத்தில்தான். முதற்கட்டமாக 20 நகர்ப்புறங்கள் தேர்வாயின. ஒவ்வொன்றிலும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் உள்ளூர் வழிகாட்டுக் குழுவும் விண்ணப்பங்களைப் பார்த்து மானியம் வழங்கினர். 1995 வரை 3,600-க்கும் மேற்பட்ட சிறு பணிகள் நிதி பெற்றன. அவற்றுள் சுமார் 300 பணிகள் வீட்டுத் திருட்டைத் தடுப்பதற்கானவை.

பால் எக்பிளாமும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட மதிப்பீடு, இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. பணி நடந்த இடங்களில் திருட்டு குறைந்தது. செலவுக்கு ஏற்ற பலனும் கிடைத்தது. ஆனால் பணத்தை மெல்லியதாகப் பரப்பிய இடங்களில் திருட்டு பக்கத்துப் பகுதிக்கு இடம்பெயர்ந்ததாகத் தெரிந்தது. செறிவாகச் செலவிட்ட இடங்களில் அக்கம்பக்கமும் பயனடைந்தது. பூட்டும் கதவும் மட்டும் போதாது, குடியிருப்போரை ஈடுபடுத்தும் பணியும் உடன்வர வேண்டும் என்பதும் அதன் முடிவு.

சட்டக் கடமையும் மையத்தின் பிடியும்

ஜேம்ஸ் மார்கன் தலைமையிலான குழு 1991-இல், இப்பணியை உள்ளாட்சி மன்றங்களின் சட்டக் கடமையாக்கப் பரிந்துரைத்தது. அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு அதை ஏற்கவில்லை. ஆட்சி மாறியபின் வந்த 1998-ஆம் ஆண்டுக் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம், உள்ளாட்சியும் காவல்துறையும் கூட்டாகத் திட்டமிடுவதைக் கட்டாயமாக்கியது.

1999-இல் 25 கோடி பவுண்டு ஒதுக்கீட்டுடன் தொடங்கிய குற்றக் குறைப்புத் திட்டம் பத்தாண்டு நடக்கும் என எதிர்பார்க்கப்பட்டது, ஆனால் 2002-இல் முடிந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையாலும் கெடுபிடியான காலக்கெடுவாலும் பல பணிகள் ஒழுங்காகத் தொடங்கவே இல்லை. அதே ஆண்டுகளில் கண்காணிப்புக் கேமராக்களுக்கு மட்டும் 17 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது.

எளிய வேலைகள் இதைவிடத் தெளிவான பலன் காட்டின. லிவர்பூலில் வீடுகளின் பின்புறச் சந்துகளுக்குக் கதவிட்ட பணியை ஆராய்ந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு, வீட்டுத் திருட்டு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்ததாகக் கணித்தது.

பணத்தின் ஊற்று

அரசு வரவு செலவுத் திட்டம் தவிர இரண்டு வழிகளில் இந்நிதி சேர்கிறது. 1897-ஆம் ஆண்டுக் காவல்துறைச் சொத்துச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாட்டின்படி, காவல்துறையிடம் உரிமை கோரப்படாமல் கிடக்கும் பொருள்களை விற்று வரும் பணம் அறப்பணிகளுக்குச் செல்லலாம். சைக்கிள் ஏலம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. மற்றொன்று, 2002-ஆம் ஆண்டுக் குற்ற வருமானச் சட்டத்தின்கீழ்ப் பறிமுதலாகும் சொத்து. அதில் ஒரு பங்கு 2006 முதல் காவல்துறை உள்ளிட்ட அமைப்புகளுக்குத் திரும்புகிறது. அதிலிருந்து ஊர்க்குழுக்களுக்கும் உதவி கிடைக்கிறது. ஸ்காட்லாந்து 2008 முதல் இத்தகைய பணத்தைக் கொண்டு இளைஞர் பணிகளுக்கெனத் தனித் திட்டமே நடத்துகிறது.

ஆணையர்களின் காலம்

2011-ஆம் ஆண்டுக் காவல்துறைச் சீர்திருத்தம் மற்றும் சமூகப் பொறுப்புச் சட்டம், தேர்ந்தெடுக்கப்படும் காவல் மற்றும் குற்ற ஆணையர் பதவியை உருவாக்கி, குற்றக் குறைப்பு மானியம் வழங்கும் அதிகாரத்தையும் அவருக்கே அளித்தது. 2012 நவம்பரில் 41 பகுதிகளில் நடந்த முதல் தேர்தலில் சுமார் 15 விழுக்காட்டினரே வாக்களித்தனர். லண்டனில் இப்பொறுப்பு மேயர் அலுவலகத்திடம் சென்றது. அதன்பின் ஆணையர்கள் பலர் தமக்கென ஒரு சமூக நிதியை அமைத்தனர். தொகை வரம்பும் விதிமுறைகளும் பகுதிக்குப் பகுதி வேறுபட்டன.

மைய அரசு 2020-இல் 2.5 கோடி பவுண்டுடன் பாதுகாப்பான தெருக்கள் நிதியைத் தொடங்கியது. முதலில் திருட்டு மிகுந்த பகுதிகளுக்கு விளக்கும் பூட்டும் வழங்கிய இந்நிதி, 2021-இல் பொது இடங்களில் பெண்களின் பாதுகாப்பையும் தன் நோக்கமாக்கியது.

மதிப்பீடு

மானியக் காலம் முடிந்ததும் பணி நின்றுவிடுவது இம்முறையின் பழைய குறை. சந்துக் கதவு நிலைத்து நிற்கும். இளைஞர் பயிற்சியாளருக்கு அடுத்த ஆண்டுச் சம்பளம் தர ஆள் இராது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த குழுக்களே திரும்பத் திரும்ப நிதி பெறுவதும், குற்றம் மிகுந்த இடத்தில் அத்தகைய குழுவே இல்லாமல் போவதும் உண்டு. தொகை சிறிது என்பதால் விளைவை முறையாக அளப்பதும் அரிது. நாற்பது ஆண்டு அனுபவம் காட்டுவது, மானியத்தின் அளவைவிட, அது ஓரிடத்தில் எவ்வளவு செறிவாகவும் எவ்வளவு காலமும் செலவிடப்படுகிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்பதாகும்.

2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, ஆணையர் பதவிகளை 2028 மே மாதத்துடன் ஒழிக்கப்போவதாக அறிவித்தது. அவர்களுடைய பொறுப்புகள், இயன்ற இடங்களில் மேயர்களிடமும் மற்ற இடங்களில் உள்ளாட்சித் தலைவர்களைக் கொண்ட வாரியங்களிடமும் செல்லும்.