வண்டல், வைக்கோல், உமி: காவிரிப் படுகையின் சுழற்சிக் கணக்கு



இப்போ எந்தப் பயிற்சிக்குப் போனாலும் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற பேச்சு அடிபடுது. ஒரு வேலையில் மிஞ்சுவது இன்னொரு வேலைக்கு மூலப்பொருளாகணும், குப்பைன்னு எதையும் தூக்கிப் போடக் கூடாது என்பதுதான் அதன் பொருள். பேர் புதுசு, நம்ம காவிரிப் படுகைக்கு விஷயம் ரொம்பப் பழசு. ஆகாயத்தாமரை உரம், காளான், வண்டல் என்று நம்ம குழுக்கள் புதுத் தொழில்களைப் பற்றி யோசிக்கிற இந்த நேரத்தில், அந்தப் பழைய சுழற்சி எப்படி நடந்தது, எதனால் அறுந்தது, அதில் உழைத்தவங்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

ஆறு கொண்டுவந்த உரம்

மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் ஆடிப் புதுவெள்ளம் செந்நிறமாகத்தான் வரும். மேற்கே மழையில் கரைந்த மண், கல்லணையைத் தாண்டி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து, வாய்க்கால் வழியாக வயலில் படியும். வாய்க்காலிலும் குளத்திலும் தங்கிய வண்டலைக் கோடையில் வெட்டி எடுத்து வயலுக்கு அடிப்பாங்க. வாய்க்கால் ஆழமாகும், வயல் கொழுக்கும். ஒரே வேலையில் இரண்டு பலன்.

அந்த வண்டல் வயலோடு நின்றுவிடவில்லை. குயவருக்குப் பானையானது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரியின் நைசான வண்டல் மண்ணைப் பூசித்தான் வார்ப்பு அச்சு எடுக்கிறாங்க. இன்றைக்கும் அந்த மண் இல்லாமல் அந்தத் தொழில் இல்லை.

வயலிலும் இப்படித்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பாங்க. மிச்ச ஈரத்திலேயே அது விளைந்துவிடும். வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லை வாத்துக் கூட்டம் பொறுக்கும். ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வந்து வயலில் கிடை போடுவாங்க. ஆட்டுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு. வைக்கோல் மாட்டுக்கும் கூரைக்கும் போகும். சாணம் எருக்குழிக்கும் வரட்டிக்கும் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கவும் செடிக்குத் தூவவும் ஆகும்.

யார் முதுகில் நடந்தது?

இதையெல்லாம் கேட்கும்போது ‘அந்தக் காலம் பொற்காலம்’னு சொல்லத் தோணும். பொறுங்க, கணக்கை முழுசாப் பார்ப்போம்.

வாய்க்காலைத் தூர் வாரும் வேலைக்குக் குடிமராமத்து என்று பேர். ஊர் கூடிச் செய்த பொதுவேலை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் வெள்ளைக்காரர் ஆட்சியில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர் ஜனங்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க அது வழி செய்தது. நிலம் வைத்திருந்தவங்க பேரில் பலன் எழுதப்பட்டது. மண்வெட்டியும் கூடையும் பெரும்பாலும் நிலம் இல்லாதவங்க கையில் இருந்தது. தஞ்சைப் பண்ணைகளில் குடும்பத்தோடு கட்டுப்பட்டு உழைத்த பண்ணையாட்களுக்கு ஓரளவு பாதுகாப்பு தர ஒரு சட்டம் வரவே 1952 ஆகிவிட்டது.

அதிலும் பெண்கள் வேலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தொழுவம் கூட்டியது, சாணம் அள்ளியது, எருக்கூடை சுமந்தது, தழை ஒடித்து வந்தது, உமி புடைத்தது எல்லாம் ‘வீட்டு வேலை’ அல்லது ‘பண்ணை வேலை’. சுழற்சியைச் சுற்ற வைத்த கை நம்ம பாட்டிமார் கை. பேரேட்டில் அவங்க பேர் இல்லை.

சுழற்சி அறுந்த கதை

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. தண்ணீர் ஓரளவு சீராக வந்தது, அதே ஆண்டில் கல்லணைக் கால்வாயும் திறந்து புதுப் பாசனம் கிடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்க ஆரம்பித்தது.

1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதன்பின் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்களும் மூட்டை உரமும் பரவின. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. அதை மறக்கக் கூடாது. உரம் மூட்டையில் வந்ததும் எருக்குழியும் தழையுரமும் பின்னுக்குப் போயின. டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்தது. அறுவடை இயந்திரம் வந்து வைக்கோல் நசுங்கி வயலிலேயே கிடந்தது. பெண்களின் அறுப்புக் கூலியும் போச்சு.

இதோடு ஆகாயத்தாமரை சேர்ந்தது. தென் அமெரிக்கச் செடி. அழகுக்காகக் கொண்டுவந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தில் பரவி, பிறகு நாடு முழுக்க வந்துவிட்டது. தோதான இடத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் கலந்த தண்ணீர் அதற்கு விருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வடிகாலை அடைத்தால் சம்பா மூழ்கும். வயலை விட்டு வீணாக ஓடிய சத்துதான் வாய்க்காலில் பச்சையாக மிதக்குது. அதை எடுத்து மறுபடி வயலில் சேர்த்தால் சுழற்சி திரும்பவும் கூடும்.

இப்போ நம்ம கையில் என்ன இருக்கு?

1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு, 1997இல் மகளிர் திட்டமாக வளர்ந்தது. குழு வந்த பிறகு நம்ம கையில் நோட்டும் பேனாவும் பாஸ்புக்கும் வந்தன. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் நம்ம மாநிலத்தில் வேலை செய்தவங்களில் பெரும்பாலோர் பெண்கள். குளம் தூர் வாரிய கூலி, ஆணுக்குச் சமமாக, சொந்தக் கணக்கில் ஏறியது. குடிமராமத்து வரலாற்றில் இது சின்ன மாற்றம் இல்லை.

வாய்ப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆகாயத்தாமரையைப் பூக்குமுன் எடுக்கணும், ஏன்னா விதை பல வருஷம் சேற்றில் உயிரோடு கிடக்கும். வாட வைத்து, சாணத்தோடு அடுக்கி மக்க வைத்தால் உரம்; தண்டைக் காய வைத்தால் கூடை பின்னலாம். ஆலைக் கழிவு, நகரச் சாக்கடை கலக்கும் இடத்துச் செடி மட்டும் வேண்டாம். நஞ்சு உலோகங்களை அது உறிஞ்சி வைத்திருக்கும். உரத்துக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

ஒரு டன் நெல் விளைந்தால் ஏறக்குறைய ஒரு டன் வைக்கோலும் சேர்ந்தே விளையுது. கட்டு கட்டி லாரியில் கேரளா வரைக்கும் போகிற அந்த வைக்கோலில் ஒரு பங்கு ஊரில் நின்றால் சிப்பிக்காளான் போடலாம். மூன்று, நாலு வாரத்தில் அறுவடை. காளான் எடுத்த படுக்கை மண்புழு உரத்துக்குப் போகும், அந்த உரம் திரும்ப வயலுக்குப் போகும். நூறு கிலோ நெல் அரைத்தால் சுமார் இருபது கிலோ உமி. அது ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள். அதன் சாம்பலைச் செங்கல் சூளைக்காரங்க கேட்டு வாங்கறாங்க. வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுக்க 2024இல் அரசு வழி செய்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. குப்பைக்கு விலை வந்தால் உடனே அதற்குச் சொந்தக்காரரும் வந்துவிடுவார். வாய்க்கால் பொது, வைக்கோல் நிலக்காரருடையது, உமி ஆலைக்காரருடையது. ‘உழைப்பு மட்டும் உங்களுது’ன்னு சொன்னால் நாம பாட்டி காலத்துக்கே திரும்பிப் போனதாகத்தான் அர்த்தம். அதனால் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் வேலையில் இறங்குவதற்கு முன்பே மூன்று விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுதி வாங்கணும். வாய்க்கால் செடியும் வண்டலும் எடுக்க ஊராட்சியும் நீர்வளத் துறையும் தருகிற அனுமதி யார் பேரில்? வைக்கோலுக்கும் உமிக்கும் என்ன விலை, எத்தனை மாதத்துக்கு? செடி இழுக்கிறவங்க, சாணம் சுமக்கிறவங்க நாள் கூலி எவ்வளவு, லாபத்தில் பங்கு எவ்வளவு?

சாணம் சுமந்த நாளுக்கும் கூலி எழுதுங்க. சொந்தக் குழு வேலைதானே என்று விட்டுவிடாதீங்க. உறுப்பினரின் உழைப்பைச் செலவில் சேர்க்காமல் காட்டுகிற லாபம் லாபமே இல்லை. இந்தப் படுகையில் ரொம்ப காலமாக விட்டுப்போன கணக்கு அதுதான். நம்ம நோட்டிலாவது அது ஏறட்டும்.