எப்ராயிம் ஆமுவின் சங்கீதத் தொண்டு

இன்று கானா என்று வழங்கும் தேசம், கோல்டு கோஸ்ட் என்னும் பெயரோடு ஆங்கிலேயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த காலத்தில், வோல்டா நதிக்குக் கிழக்கே ஈவே மக்கள் வாழும் பெக்கி என்னும் ஊரில், மரத்தில் சிற்பம் செதுக்குவதிலும் முரசு முழக்குவதிலும் கைதேர்ந்த ஒருவரின் புதல்வராக 1899 செப்டம்பர் 13ஆம் நாள் எப்ராயிம் ஆமு ஜனித்தார். ஜெர்மானிய மிஷனரிகள் அவ்வூருக்கு 1847ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டிருந்தனர். ஆதலால் முன்னோரின் முரசும் மேனாட்டாரின் ஹார்மோனியமும் ஒருங்கே ஒலிக்கும் சூழலில் அவருடைய பால்யம் கழிந்தது. இளம் உபாத்தியாயராயிருந்தபோது கொஃபோரிடுவா நகரில் மடக்கு ஹார்மோனியம் ஒன்றை வாங்கி, அதைத் தலையில் சுமந்துகொண்டே நடந்து ஊர் வந்து சேர்ந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். பிற்காலத்தில் அந்நிய நாகரிகத்தை எதிர்த்தவர் என்று பேர் வாங்கிய ஒருவர், மேனாட்டு வாத்தியத்தின் மீதும் இத்தனை காதல் கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

1926ஆம் ஆண்டில் அக்ரோபோங்கில் இருந்த உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரியில் அவர் ஆசிரியரானார். பாசல் மிஷனார் 1848இல் ஸ்தாபித்த அக்கல்லூரி, முதல் மகாயுத்தத்தின்போது அவர்கள் வெளியேற்றப்பட்ட பின்னர், ஸ்காத்லாந்து மிஷனாரின் பராமரிப்பில் நடந்துவந்தது. அங்கே ஆலயத்தில் பாடப்பட்ட கீதங்களைக் கேட்கக் கேட்க அவர் மனத்தில் ஒரு குறை வலுப்பெற்றது. அந்நாட்டு மக்கள் பேசும் ட்வி, ஈவே முதலிய பாஷைகளில் குரலின் ஏற்றத்தாழ்வே அர்த்தத்தை நிர்ணயிக்கும். ட்வி மொழியில் ‘பாபா’ என்னும் ஒரே சொல், இரண்டு அசைகளையும் உயர்த்திச் சொன்னால் நல்லது என்றும், முதலசையைத் தாழ்த்தி அடுத்ததை உயர்த்தினால் தகப்பன் என்றும், இரண்டையும் தாழ்த்தினால் விசிறி என்றும் பொருள்படும். இவ்வாறிருக்க, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்த மெட்டுகளுக்குள் அந்தப் பாஷையின் சொற்களை அப்படியே நிரப்பிப் பாடினால், மெட்டு ஏறுமிடத்தில் சொல் இறங்கி, பக்தன் எதை நினைத்துப் பாடுகிறானோ அதற்குச் சம்பந்தமேயில்லாத ஒன்று காதில் விழுவதற்கு ஏதுவாகும். ஆமு இந்த முறையைத் தலைகீழாக்கினார். முதலில் சொல்லின் இயற்கையான ஏற்ற இறக்கத்தைச் செவியால் கவனித்து, அதையே மெட்டுக்கு அஸ்திவாரமாக வைத்து, அதன் மேல் தாம் கற்றிருந்த ஐரோப்பிய முறைப்படி நான்கு குரல்களின் இசைவை அமைத்தார். தாளத்திலும், இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் பிரியும் நடைகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் தம் மக்களின் வழியை அவர் கைவிடவில்லை. இம்முறையில் இயற்றிய 25 பாடல்களின் தொகுதி 1932இல் லண்டனில் அச்சேறியது. அவர் செய்த காரியங்கள் யாவற்றிலும் இதுவே மிகப் பெரியது என்பது என் துணிபு. மற்றவையெல்லாம் இதன் கிளைகளே.

அக்கிளைகளில் ஒன்று அவருக்குப் பெருந்துன்பத்தை விளைவித்தது. தம் நாட்டு வழக்கப்படி ஒரு தோளை மூடி மறுதோளைத் திறந்துவிட்டுப் போர்த்திய துணியோடு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் செய்ய நின்றபோது, கோட்டும் கழுத்துப்பட்டையுமே கிறிஸ்தவனுக்குரிய மரியாதை என்று பழகிப்போயிருந்த சபைத் தலைவர்கள் அதிர்ச்சியுற்றனர். அத்துணியும், அவர் உள்நாட்டு வாத்தியங்களுக்குக் கொடுத்த ஆதரவும் சேர்ந்து, 1933இல் அவர் பதவியிழக்கும்படி செய்தன. தெய்வத்திடம் கொண்ட விசுவாசத்தில் அணுவளவும் குறையாத ஒருவரை உடையின் பொருட்டு விலக்கியது அநியாயம் என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பின்னும் ஆமு சபையை விட்டு நீங்கவில்லை; உடையையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அச்சிமோட்டா கல்லூரி அவரை வரவேற்றது. 1937இல் அவர் லண்டன் சென்று ராயல் சங்கீதக் கல்லூரியில் பயின்று, யுத்தத்தின் நடுவே 1941இல் திரும்பினார். அட்டென்டெபென் என்னும் மூங்கில் குழலைத் தாமே செய்து, தாமே வாசித்து, மாணவர்களுக்கும் கற்பித்து, பள்ளிக்கூடங்களில் அது பரவும்படி செய்தவர் அவரே. இயற்றுபவர், ஆசிரியர், பாடகர் குழுவை நடத்துபவர், குழல் செய்யும் தொழிலாளி, பிரசங்கி என்று பல துறைகளில் ஒருங்கே அவர் திகழ்ந்ததை எண்ணும்போது வியப்பே மிஞ்சுகிறது.

1929இல் அவர் முதலில் ஈவே மொழியில் இயற்றி, பின்னர் ட்வியில் அமைத்த தேசபக்திப் பாடலான ‘யென் ஆரா அசாசெ நி’, அரசாங்கத்தின் தேசிய கீதம் வேறாயிருப்பினும், ஜனங்களின் நாவில் அதற்கு நிகரான ஸ்தானம் பெற்றது. 1965இல் கானா பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. ஆப்பிரிக்க சங்கீத ஆராய்ச்சியில் உலகப் புகழ் எய்திய க்வபெனா ன்கெட்டியா, தம் முன்னோடியாக அவரையே போற்றினார். 1995 ஜனவரி 2ஆம் நாள், 95ஆம் வயதில், ஆமு காலமானார். அதற்கு வெகுகாலம் முன்பே கானாவின் ஆலயங்களில் துணி போர்த்திய ஆண்களும் முரசும் ஞாயிறுதோறும் காணக்கூடிய சாதாரண விஷயமாகிவிட்டிருந்தன.