மூர் மார்க்கெட்டும் பழைய கிதாபுகளும்

சென்னை மூர் மார்க்கெட்டுக்கு 1898-இல் அடிக்கல் நாட்டியவர் மாநகராட்சித் தலைவர் ஸர் ஜார்ஜ் மூர். 1900-இல் அது திறக்கப்பட்டது. பிராட்வேயில் நெரிசலுற்ற பழைய சந்தைக்கு மாற்றாகச் சென்ட்ரல் நிலையத்தருகே எழுந்த அச்செந்நிறக் கட்டடத்தின் பாணியை ஆங்கிலேயர் ‘இந்தோ சாரசனிக்’ என்றனர். சாரசன் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பெயரன்றோ! பின்னாளில் பழைய புத்தகக் கடைகளே அவ்வங்காடிக்குப் புகழ் தேடித் தந்தன.

1985 மே 30-இல் தீ அதனை அழித்தது. வணிகர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தனர். அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது.

நூலகம் எரிந்தால் அதன் பட்டியலாவது எங்கேனும் மிஞ்சும். சந்தைக்குப் பட்டியல் ஏது? பாட்டனார் மறைந்ததும் அவருடைய அரபுத்தமிழ்க் கிதாபுகளை எடைக்குப் போடும் வழக்கம் பேராவூரணிப் பக்கத்திலும் நாம் கண்டதே. அவற்றுள் ஒன்றிரண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், அவற்றின் பெயர்களும் உடன் எரிந்திருக்கும்.