மீன் தொட்டியும் பசையும்: ஒரு சின்ன வரலாறு

 

எங்கள் தரம் 9 பிள்ளைகள் அக்ரிலிக் ஷீட்டில் ஒரு மீன் தொட்டி செய்தார்கள். பசை வாங்கிக் கொடுத்தது நான்: கண்ணாடித் தொட்டிக்குப் பாவிக்கும் சிலிக்கன். மூன்றாம் நாள் காலையில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மூலையை விரலால் இழுத்தேன், சிலிக்கன் இறப்பர் நாடா மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. "சேர், கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று ஒருவன் கேட்டான். இல்லை மகன், பிழை என்னுடையது.

மீன் தொட்டிக்கும் தேயிலைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1829இல் லண்டன் வைத்தியர் நதானியேல் வார்ட், மூடிய போத்தலுக்குள் ஒரு பன்னம் தானாக முளைத்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். (லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.) செடி வாழ்ந்தால் மீனும் வாழாதா? 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர் மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வாழவைத்துக் காட்டினார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு கட்டிடம் திறந்தார்கள்.

அந்தக் காலத்துத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம், கற்பலகை அடித்தளம். கண்ணாடியைப் பிடித்து நின்றது ஆளிவிதை எண்ணெயில் சிவப்பு ஈயப்பொடி குழைத்த புட்டி. காய்ந்தால் வெடிக்கும், தண்ணீரில் ஈயமும் கலக்கும். இரும்பும் ஈயமும் தேவையில்லை என்று ஆனது 1960களில் சிலிக்கன் வந்த பிறகுதான். கண்ணாடியும் சிலிக்கனும் சிலிக்கன்-ஒட்சிசன் குடும்பம். ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அக்ரிலிக் அந்தக் குடும்பமே இல்லை. 1933இல் ஜேர்மனியில் ஒட்டோ ரோமின் கம்பனி பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் அது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமான யன்னல்களுக்குப் போனது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருப்பதால்தான் நான் ஏமாந்தேன்.

இதற்கு வேண்டியது பசையே அல்ல, கரைப்பான். டைகுளோரோமெதேன் போன்ற திரவத்தைச் சிரிஞ்சால் விளிம்பில் விட்டால் இடுக்கில் தானாக ஓடும், இரு பக்கத்தையும் இளக்கும், பிறகு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே துண்டு. ஆனால் விளிம்பு மட்டமாக இருக்கவேண்டும். இடைவெளி இருந்தால் இரண்டு பாகங்களைக் கலக்கும் அக்ரிலிக் பசைதான் சரி. சுப்பர் குளூ வேண்டாம், நொறுங்கும். எங்கள் நுவரெலியாப் பனிமூட்டத்தில் இன்னொரு தொல்லை: கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, மூட்டு வெள்ளையாகிவிடும். வெயில் ஏறிய பிறகே செய்யவேண்டும். ஆவி நஞ்சு என்பதால் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்தி, வெளி விறாந்தையில் நானே செய்யப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. சிலிக்கன் பட்ட விளிம்பில் கரைப்பான் பிடிக்காது. நான்கு பக்கமும் கொஞ்சம் வெட்டி எடுக்கவேண்டும். தொட்டி கொஞ்சம் சின்னதாகும்.